ஒரு கடிதத்தில் நின்ற ரயில்: கொழும்பு – மாலபே இலகு ரயில் திட்டத்தின் செலவும் சட்டமும்

2020 செப்டம்பர் 21ஆம் திகதி, ஜனாதிபதியின் செயலாளர் போக்குவரத்து அமைச்சின் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டை வரை ஜப்பானியக் கடனில் கட்டப்படவிருந்த இலகு ரயில் திட்டத்தைக் கைவிட வேண்டும், அதன் திட்ட அலுவலகத்தை உடனே மூட வேண்டும் என்பது அதன் சாரம். செலவு மிக அதிகம், கொழும்பின் போக்குவரத்து நெருக்கடிக்கு இது சிக்கனமான தீர்வு அல்ல என்று காரணமும் சொல்லப்பட்டிருந்தது. 15.7 கிலோமீட்டர் நீள மேம்பாதை, 16 நிலையங்கள், பல ஆண்டு ஆய்வு, பதினெட்டு மாதங்களுக்கு முன்னர்தான் கையெழுத்தான கடன் உடன்படிக்கை ஆகிய யாவும் அந்தக் கடிதத்தோடு முடிந்துபோயின.

இந்த முடிவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்: திட்டம் விலை கூடியதா, இல்லையா? அந்தக் கேள்விக்கு இக்கட்டுரையும் விடை தேடுகிறது. ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. ஒரு தலைநகரின் நாற்பதாண்டுக் கடன் கடப்பாடொன்றை ஒரு கடிதம் முடித்துவைக்க முடிந்தது எப்படி? திட்டத்தை நிறுத்தியவர்களை மட்டும் குறைசொல்லி இதற்கு விடைகாண முடியாது. திட்டத்தை முன்னெடுத்தவர்களும் அதற்குச் சட்ட உடம்பு ஒன்றைக் கொடுக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ‘இலகு’ என்றால் நம் பேச்சில் எளிது என்றும் பொருள். இந்த ரயிலில் எளிதானது எதுவும் இல்லை. வண்டியின் எடையைவிட, அது ஏற்றிச்செல்லும் பயணிகளின் அளவையும் பாதையின் தரத்தையும் குறிக்கும் சொல் அது. கனரக மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் இடைப்பட்ட கொள்ளளவு; கூர்மையான வளைவுகளிலும் செங்குத்தான ஏற்றங்களிலும் ஓடக்கூடிய குறுகிய பெட்டிகள். வீதியின் நடுவில் தூண் நாட்டி மேலே பாதை போட்டால், கீழே போக்குவரத்தை நிறுத்தாமல் நகரின் நடுப்பகுதிக்குள் நுழையலாம். கொழும்பு தேர்ந்தெடுத்தது இந்த வகையை.

மாலபே ஏன் என்ற கேள்விக்கு வரைபடமே விடை சொல்லும். 2014இல் நிறைவடைந்த ஜப்பானிய உதவியுடனான கொழும்புப் பெருநகரப் போக்குவரத்து ஆய்வு, நகருக்குள் வரும் ஏழு பிரதான தடங்களை வரிசைப்படுத்தியது. நீர்கொழும்பு, கண்டி, காலி வீதித் தடங்களுக்குப் பழைய ரயில் பாதைகள் துணையிருக்கின்றன. ஹைலெவல் வீதிப் பக்கம் களனிவெளிப் பாதை நாரஹேன்பிட்டி, நுகேகொடை, மஹரகம வழியாக அவிசாவளைக்குப் போகிறது. மாலபேத் தடத்துக்கு ரயிலே இல்லை. அதே வேளையில் அரசின் பாரம் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டே போனது. 1982இல் நாடாளுமன்றம் கோட்டேக்குப் போனது; பத்தரமுல்லவில் செத்சிறிபாயவும் இசுருபாயவும் எழுந்தன; மாலபேயில் தனியார் உயர்கல்வி நிறுவனங்கள் வளர்ந்தன. ஊழியரும் மாணவரும் நோயாளரும் பொரளை, இராஜகிரிய வழியாக ஒரே வீதியில் நெரிகிறார்கள். 2018 ஜனவரியில் இராஜகிரியவில் ஒரு மேம்பாலம் திறக்கப்பட்டது. ஒரு சந்தியின் நெரிசலை அது அடுத்த சந்திக்கு நகர்த்தியது என்பது அவ்வழியே போய்வருகிற எவருக்கும் தெரியும்.

2014 ஆய்வு பரிந்துரைத்தது மோனோரயிலை. 2015இல் ஆட்சி மாறியது. மோனோரயில் இலகு ரயிலானது. தொழில்நுட்ப நோக்கில் அது சரியான மாற்றமே. மோனோரயிலுக்கு வண்டியும் பாதையும் ஏறத்தாழ ஒரே உற்பத்தியாளரிடம் கட்டுண்டு கிடக்கும். இலகு ரயிலுக்கு உலகில் பல உற்பத்தியாளர்கள் உண்டு. ஆனால் அந்த மாற்றம் நிகழ்ந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். ஓர் ஆட்சி மாறியபோது திட்டத்தின் வகை மாறியது. அடுத்த ஆட்சி மாறியபோது திட்டமே மறைந்தது. இரண்டுக்கும் ஊற்று ஒன்று.

இனி விலை. ஜப்பான் சர்வதேச ஒத்துழைப்பு முகமையான ஜைக்காவுடன் 2019 மார்ச் 11 அன்று முதல் தவணைக் கடன் உடன்படிக்கை கையெழுத்தானது. தொகை 3,004 கோடி யென். வட்டி ஆண்டுக்கு 0.1 சதவீதம், திருப்பிச் செலுத்தும் காலம் 40 ஆண்டு, அதில் முதல் 12 ஆண்டு சலுகைக் காலம். அதாவது அசலைத் திருப்பத் தொடங்க வேண்டிய ஆண்டு 2031.

அதே 2019 மார்ச்சில் இலங்கை சர்வதேசச் சந்தையில் இறைமைப் பிணைமுறிகளையும் விற்றது. பத்தாண்டு முறிக்கு 7.85 சதவீதம், ஐந்தாண்டு முறிக்கு 6.85 சதவீதம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விளங்கும். அன்றைய நாணய மாற்றில் 3,004 கோடி யென் ஏறத்தாழ 27 கோடி டொலர். அதை ஜைக்காவிடம் வாங்கினால் ஆண்டு வட்டி சுமார் 2.7 இலட்சம் டொலர். அதே தொகையைப் பத்தாண்டு முறியில் வாங்கினால் ஆண்டு வட்டி சுமார் 2.1 கோடி டொலர். முறியின் முதலோ பத்தாண்டில் ஒரே மூச்சில் திரும்ப வேண்டும். நாட்டைக் கடனில் மூழ்கடித்தது எந்த வகைக் கடன் என்பதை, நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்திய 2022 ஏப்ரல் காட்டியது. ஆனால் 2020இல் ‘தாங்க முடியாத செலவு’ என்று தள்ளப்பட்டது மற்ற வகைக் கடன். பெறுமதிசேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்து ஓராண்டுகூட ஆகாத ஓர் அரசு சிக்கனம் பேசியது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஜப்பானின் இந்தக் கடன் கட்டுகளோடு வருவது. முதன்மை ஒப்பந்தகாரர் ஜப்பானியராக இருக்க வேண்டும். பொருட்களில் குறிப்பிட்ட பங்கு ஜப்பானிலிருந்து வர வேண்டும். போட்டி குறைந்தால் விலை ஏறும். வட்டியில் கொடுத்ததை விலையில் எடுத்துக்கொள்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு வெறும் அரசியல் பேச்சு அல்ல. ஆயினும் எவ்வளவு ஏறினால் சலுகை கரையும் என்று கணக்கிடலாம். சலுகைக் காலத்துக்குப் பின் 28 ஆண்டுகளில் முதல் சம தவணைகளில் திரும்புகிறது என்று வைத்து, 5 சதவீதக் கழிவு வீதத்தில் பார்த்தால், 100 யென் கடனின் இன்றைய பெறுமதி ஏறத்தாழ 31 யென். விலை இரட்டிப்பானாலும் நாட்டின் மெய்யான சுமை 62 யென்தான். மும்மடங்கைத் தாண்டினால்தான் சலுகை முழுதும் போகும். யென்னின் மதிப்பு ஏறிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். நடந்தது வேறு. 2019 மார்ச்சில் ஒரு யென் ஏறத்தாழ 1.60 ரூபாய், 2024 நடுப்பகுதியில் 1.90 ரூபாய்க்குச் சற்று மேல். அதே காலத்தில் டொலர் சுமார் 178 ரூபாயிலிருந்து 300ஐத் தாண்டியது. இவ்வளவு ஆட்டத்திலும் யென் கடன் டொலர் கடனைவிடக் குறைவாகவே சுட்டிருக்கும்.

பத்திரிகைகளில் பரவலாக அடிபட்ட தொகை 150 கோடி டொலர். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9.5 கோடி. இதைவிட மலிவாக இலகு ரயில் கட்ட முடியாதா? முடியும். எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் 2015இல் திறந்த இலகு ரயில், சீனக் கடனில், சுமார் 34 கிலோமீட்டருக்கு 47.5 கோடி டொலரில் முடிந்தது. பாதையின் பெரும்பகுதி நிலமட்டத்தில். கிலோமீட்டர் விலையில் கொழும்புத் திட்டத்தின் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். ஆனால் தண்டவாளம் வீதிகளை இரண்டாகப் பிளந்தது. மக்கள் சுற்றி நடந்து கடக்க வேண்டியதாயிற்று. உதிரிப்பாகம் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமல், வாங்கிய 41 வண்டிகளில் பெரும்பாலானவை பத்தாண்டு நிறையும் முன்பே பணிமனையில் நின்றுவிட்டன. கட்டும் விலையும் ஓட்டும் விலையும் வெவ்வேறு. கொழும்பில் இரு தரப்பாரும் முதலாவதைப் பற்றி மட்டுமே சண்டை போட்டார்கள்.

ஓட்டும் விலையில்தான் திட்டத்தின் உண்மையான பலவீனம் இருந்தது. கடுவெலையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு 177, மீகொடையிலிருந்து புறக்கோட்டைக்கு 190 என்று அதே தடத்தில் பஸ்கள் ஓடுகின்றன. 1979இல் தனியார் பஸ்களுக்கு வழி திறந்ததிலிருந்து, ஒன்றிரண்டு பஸ் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்கள் நிறைந்த தொழில் அது. ரயில் வந்தால் அந்த பஸ்கள் நிலையங்களுக்கு ஆள் கொண்டுவரும் கிளைகளாக மாற வேண்டும்; இல்லையேல் தூணுக்குக் கீழே அதே பயணியை விரட்டிப் பிடிக்கும் போட்டியாளர்களாக நிற்கும். ஒரே சீட்டில் இரண்டிலும் போகும் ஏற்பாடு, தடங்களை மாற்றி எழுதும் அதிகாரம், ரயில் நட்டத்தில் ஓடினால் எந்தக் கணக்கிலிருந்து ஈடுசெய்வது என்ற தீர்வு ஆகியன யார் கையில் இருந்தன? பஸ் அனுமதி மாகாண அதிகார சபையிடமும் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவிடமும். பழைய ரயில் பாதைகள் ரயில்வே திணைக்களத்திடம். இலகு ரயிலோ மாநகர மற்றும் மேல்மாகாண அபிவிருத்தி அமைச்சிடம். போக்குவரத்து அமைச்சிடம்கூட இல்லை.

முன்பு இப்படி இருக்கவில்லை. 1899இல் கொழும்பில் மின் டிராம் ஓடத் தொடங்கியது. ஒரு தடம் கிராண்ட்பாஸ், மற்றது பொரளை. கைவிடப்பட்ட இலகு ரயில் தொட்டுச் செல்லவிருந்த அதே பொரளை. தனியார் கம்பனி நடத்திய அதை 1944இல் மாநகர சபை எடுத்துக்கொண்டது. பின்னர் டிராலி பஸ்ஸும் ஓட்டியது. 1960இல் டிராமும் 1964இல் டிராலி பஸ்ஸும் நின்றன. அன்று முதல் கொழும்பு நகரத்துக்குத் தனக்கென்று ஒரு போக்குவரத்துச் சேவை இல்லை. நகரத்தின் ரயிலை நகரத்துக்குச் சொந்தமில்லாத ஓர் அமைச்சு கட்டப் புறப்பட்டதன் வேர் இங்கே இருக்கிறது. அமைச்சு என்பது தேர்தலோடு வந்து தேர்தலோடு போவது. 2019 நவம்பரில் ஆட்சி போனது, அமைச்சும் போனது, திட்டம் தாயற்ற பிள்ளையாகப் போக்குவரத்து அமைச்சின் வாசலில் நின்றது.

இதே ஜைக்காவின் கடனில் எழுந்த சென்னை மெட்ரோவை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. 2007 இறுதியில் அதற்கென ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டது. பின்னர் மத்திய அரசும் மாநில அரசும் சரிபாதி பங்காளிகளாயின. 2008 நவம்பரில் கடன் உடன்படிக்கை. 2009இல் வேலை தொடக்கம். 2011இல் ஆட்சி மாறியது. புதிய அரசுக்கு மெட்ரோவைவிட மோனோரயிலே விருப்பம். அதற்குப் பெரிய திட்டமும் அறிவித்தது. ஆனாலும் மெட்ரோ நிற்கவில்லை. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் பகுதியைத் தொடக்கி வைத்தவர், மோனோரயிலை விரும்பிய அதே முதலமைச்சர். மோனோரயில் வரவே இல்லை. 45 கிலோமீட்டர் முதற்கட்டம் 2019 பெப்ரவரியில் நிறைவடைந்தது, கொழும்பின் கடன் கையெழுத்தாவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னர்.

இந்த ஒப்பீட்டை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. 2011இல் சென்னையில் தூண்கள் எழுந்துவிட்டன. நிற்கும் தூணைக் கைவிடுவது எந்த அரசுக்கும் வெட்கம். 2020இல் மாலபேயில் அப்படி ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆயினும் சென்னையைக் காத்தது தூண் மட்டும் அல்ல. பாதிப் பங்கு தில்லியிடம். நிறுவனத்துக்கு இயக்குநர் குழு. மெட்ரோவுக்கென்றே நாடாளுமன்றச் சட்டம். ஒரு முதலமைச்சர் தனியாக எழுதும் கடிதத்தால் கலையக்கூடிய அமைப்பாக அது இருக்கவில்லை. கொழும்பில் திட்ட அலுவலகம் என்பது அமைச்சின் ஓர் அறை. அறையைப் பூட்டினால் ரயில் இல்லை.

இன்னொரு முரணையும் சொல்லிவிட வேண்டும். செலவு கூடியதென்று ரயிலை நிறுத்திய சில மாதங்களுக்குள், அதே ஆட்சி புதிய களனிப் பாலத்திலிருந்து இராஜகிரிய வழியாக அத்துருகிரிய வரை தூண்கள்மேல் செல்லும் அதிவேக வீதித் திட்டத்தை முன்னெடுத்தது. தலங்கம சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற முனைந்தவர்கள் அதை எதிர்த்தார்கள். ஆகவே அந்தத் தடத்துக்குத் தூண்மேல் செல்லும் பாதை தேவையில்லை என்பது அரசின் நிலைப்பாடாக இருந்ததில்லை. கார்களுக்குத் தூண் கட்டலாம், பயணிகளுக்குக் கூடாது என்பதே நடைமுறையில் வந்து நின்ற கொள்கை. சிக்கனக் கணக்கு உண்மையாகவே போடப்பட்டிருந்தால், இரண்டையும் ஒரே தாளில் வைத்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை நகர்த்தும் என்று வகுத்துப் பார்த்திருக்க வேண்டும். கடிதத்தில் சொல்லப்பட்ட காரணம் அத்தகைய ஒப்பீட்டின் முடிவாக நமக்குக் கிடைக்கவில்லை. ஒரு தீர்ப்பாகவே கிடைத்தது.

2023 மே மாதம் தோக்கியோ சென்ற ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, திட்டம் கைவிடப்பட்டதற்கு ஜப்பானியப் பிரதமரிடம் வருத்தம் தெரிவித்தார். இத்தகைய பெரிய திட்டங்களை நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி நிறுத்த முடியாதபடி சட்டம் கொண்டுவரப்படும் என்றும் சொன்னார். நோயின் இடம் சரியாகவே சுட்டப்பட்டது, மருந்து அரைகுறை. நிறுத்துவதற்கு மட்டும் நாடாளுமன்ற ஒப்புதல் கேட்டால், தவறான திட்டமும் அசையாமல் நின்றுவிடும். தொடங்கும்போதே கடன் நிபந்தனை, தடம், கட்டணக் கொள்கை, நட்டத்தை ஏற்பவர் யார் என்பன நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டு, மேல்மாகாணத்தின் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பொதுவான ஓர் அதிகார சபையின் பெயரில் சட்டமாக வேண்டும். அடுத்த முறை கொழும்பில் எவராவது ரயில் வரைபடம் ஒன்றை விரித்தால், வாசகர்கள் முதலில் கேட்க வேண்டியது கிலோமீட்டருக்கு எவ்வளவு என்றல்ல. இதற்கான சட்டமூலம் எங்கே என்று.

கடன் மறுசீரமைப்புக்கு வழி திறந்தபின், 2024 ஜூலையில் ஜப்பான், இலங்கையில் நிறுத்திவைத்திருந்த 11 திட்டங்களுக்கு மீண்டும் கடன் வழங்கத் தொடங்கியது. கட்டுநாயக்க விமான நிலைய விரிவாக்கம் அதில் இருந்தது. மாலபே ரயில் இல்லை.