முற்றுகை: வழியை மூடுவதும் யுத்தம்தான்

மாரி காலத்தில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடினால், நாவிதன்வெளியிலிருந்து கல்முனைக்குப் போகும் நேர்வழி அடைபட்டுவிடும். வகுப்பில் 'முற்றுகை' என்ற சொல் வரும்போது நான் முதலில் எடுத்துக்காட்டுவது அந்தத் தாம்போதியைத்தான். வெள்ளம் சில நாட்களில் வடிந்துவிடும். மனிதர் மூடும் வழி அப்படியல்ல.

மூன்று சொற்களை நாம் கலந்து பேசுகிறோம். ஓர் ஊரையோ கோட்டையையோ படையால் சூழ்ந்து நிற்பது முற்றுகை. எதிரியின் துறைமுகங்களுக்குக் கப்பல்கள் போகாமலும் வராமலும் தடுப்பது கடல் முற்றுகை. குறித்த பொருட்களை அனுப்ப மறுப்பது பொருளாதாரத் தடை. மக்காவில் குறைஷிகள் நபி (ஸல்) அவர்களின் குடும்பத்தாரை அபூதாலிப் கணவாயில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஒதுக்கி வைத்தது மூன்றாவது வகையைச் சேர்ந்தது.

கடல் முற்றுகைக்குச் சட்டம் உண்டு. பெயரளவில் அறிவித்தால் போதாது, உண்மையிலேயே தடுக்கும் பலம் இருக்க வேண்டும் என்றது 1856ஆம் ஆண்டின் பாரிஸ் பிரகடனம். பொதுமக்களைப் பட்டினி போடுவதை யுத்த முறையாகப் பயன்படுத்தக் கூடாது என்றன 1977ஆம் ஆண்டின் ஜெனீவா மேலதிக நெறிமுறைகள். உணவு, பயிர், குடிநீர், நீர்ப்பாசன அமைப்புகள் ஆகியவற்றை அவை பெயர் சொல்லியே பாதுகாக்கின்றன. 2018இல் ஐ.நா. பாதுகாப்புச் சபையும் தனது 2417ஆம் இலக்கத் தீர்மானத்தில் இதை வலியுறுத்தியது.

நம் நாட்டிலும் இது நடந்தது. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள், பற்றரி, உரம், சீமெந்து போன்றவை போவதை அரசு தடுத்தது. பிள்ளைகள் போத்தல் விளக்கில் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். உயிரைப் பணயம் வைத்துக் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் விரட்டினார்கள். அந்த அநீதியை நாம் மறக்க முடியாது. ஆனால் அதைச் சொல்லி, இருட்டில் படித்த பிள்ளையின் பசியை நியாயப்படுத்தவும் முடியாது.

2006 ஜூலையில் புலிகள் மாவிலாறு அணைக்கட்டின் கதவுகளை மூடினார்கள். தண்ணீர் நின்றது படையினருக்கல்ல. சிங்கள, தமிழ், முஸ்லிம் விவசாயிகளின் வயலுக்கு. தொடர்ந்த சண்டையில் மூதூர் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாய் நோக்கி நடந்தார்கள். அதே ஓகஸ்டில் முகமாலையில் ஏ-9 வீதி மூடப்பட்டது. யாழ் குடாநாடு மறுபடியும் கப்பலையும் விமானத்தையும் எதிர்பார்த்து நின்றது.

வழியை மூடுபவர் எந்தத் தரப்பாக இருந்தாலும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: எதிரிக்குப் பொருள் போகக் கூடாது. ஆனால் ஆயுதம் வைத்திருப்பவன் தனக்கு வேண்டியதை எப்படியும் எடுத்துக்கொள்வான். முதலில் வெறுமையாவது கைக்குழந்தையின் பால்மா டின்னும் நோயாளியின் மருந்துப் பெட்டியும்தான்.

2007 முதல் முற்றுகையில் இருக்கும் காஸாவுக்காக நாம் ஜும்ஆக்களில் கையேந்துகிறோம். ஏந்தத்தான் வேண்டும். அந்தத் துஆவுக்குள் யாழ்ப்பாணத்துப் போத்தல் விளக்கும் மாவிலாற்றில் காய்ந்த வயலும் அடங்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் எதிர்ப்பது முற்றுகையை அல்ல, முற்றுகையிட்டவரை மட்டுமே. என் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் ஒரே அளவுகோலைக் கொடுப்பதே என் வேலை.