தங்கமணியின் முட்டியும் 95 வருஷ சரித்திரமும்

போன வாரம் அகமதாபாத்தில் இருக்கும் நம்மூர் நண்பர் ஒருவர் போன் செய்தார். அவர் மனைவி வாலிபால் ஆடும்போது கீழே விழுந்து முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டதாம். அடுத்த மாதம் ஆபரேஷன். "ஒரு வாரம் லீவு போட்டாப் போதுமில்ல?" என்று கேட்டார். 2023-ல் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். போனில் சொல்லி மாளவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். உங்கள் முட்டிக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான் சட்டம்.

சரி, கொசுவத்தியைச் சுற்றுவோம். 2023 ஆகஸ்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. புனேயில் எங்கள் சொசைட்டி கிளப் ஹவுஸில் தங்கமணி பேட்மின்டன் ஆடிக்கொண்டிருந்தார். வயது 41. பின்னால் போய் ஒரு ஷட்டிலை எடுத்துவிட்டுத் திரும்பினார். யாரும் மோதவில்லை, தரையும் வழுக்கவில்லை. "டப்" என்று ஒரு சத்தம். எதிர்ப்பக்கம் ஆடியவருக்கே கேட்டதாம். நான் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன் (வழக்கம்போல).

அந்த ஆட்டத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. பேட்மின்டனுக்கு 1870களில் விதிமுறை எழுதியது இதே புனேயில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள்தான். அந்த நாளில் ஆட்டத்துக்கே 'பூனா' என்று பெயர். கம்பளிப் பந்தை வைத்து ஆடும் பூப்பந்து பிறந்ததோ நம்ம தஞ்சாவூர்ப் பக்கம். தங்கமணி பள்ளிக்கூடத்தில் பூப்பந்து ஆடியவர். கல்யாணம், டிரான்ஸ்பர், குழந்தை என்று பதினைந்து வருஷம் மட்டையைத் தொடவில்லை. புனே வந்த பிறகுதான் மறுபடி ஆரம்பித்தார். அதனால் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வலி எப்பப் போகும்?" இல்லை. "எப்ப ஆடலாம்?" என்பதுதான்.

கிழிந்தது ஏ.சி.எல். முழங்காலுக்குள்ளே பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போகும் இரண்டு ஜவ்வுகளில் முன்னால் இருப்பது. தொடையெலும்புக்குக் கீழே கால் எலும்பு முன்பக்கமாக நழுவிவிடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். கிரேக்க மருத்துவர் கேலன் 2ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் குறுக்கு ஜவ்வுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டிலிருந்து எட்டு மடங்கு வரை அதிகமாகக் கிழிகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. எல்லோருக்கும் கத்தி வைக்க வேண்டும் என்பதும் இல்லை. ஸ்வீடனில் 121 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. முதலில் பயிற்சி மட்டும் செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்த இரண்டு வருஷத்தில் ஆபரேஷனே தேவைப்படவில்லை. தங்கமணிக்கு முட்டி அடிக்கடி மடங்கிக்கொண்டது, திரும்பித் திரும்பி ஓடும் ஆட்டம் வேறு. செப்டம்பரில் ஆபரேஷன் என்று முடிவானது.

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரிகளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. கடன் கேட்டு வருபவரின் பழைய வரவு செலவைப் புரட்டுவது மாதிரி இந்த ஆபரேஷனின் பழைய கதையைப் புரட்டினேன். 1895-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்ஸன் என்ற சர்ஜன், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் முழங்காலைத் திறந்து கிழிந்த குறுக்கு ஜவ்வுகளைத் தைத்தார். ஏ.சி.எல். தையலின் சரித்திரத்தை இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். அந்தத் தொழிலாளிக்கும் வயது 41! பல வருஷம் கழித்தும் அவர் சுரங்க வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்று 1903-ல் ராப்ஸன் எழுதினார். தங்கமணியிடம் சொன்னேன். "அப்ப நானும் சுரங்கத்துக்குப் போகலாம்னு சொல்றீங்க" என்றார்.

தைத்த ஜவ்வு பலருக்கும் நிற்கவில்லை. 1917-ல் பிரிஸ்டலில் ஹே க்ரோவ்ஸ் என்பவர் வேறு வழி பார்த்தார். தொடையின் வெளிப்பக்கமிருந்து ஒரு பட்டையை எடுத்து, எலும்புகளில் துளை போட்டு, அதன் வழியே கோர்த்துப் புது ஜவ்வு செய்தார். இன்றைக்குத் தங்கமணியின் தொடைப் பின்பக்கத்து நாரை எடுத்து எலும்புத் துளையில் கோர்ப்பதும் அடிப்படையில் அதே யோசனைதான். நடுவில் சிலர் செயற்கை ஜவ்வை நம்பினார்கள். 1980களில் கார்பன் நாரையெல்லாம் முட்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள். அது பிய்ந்து கறுப்புத் துணுக்குகளாக மூட்டுக்குள் பரவியதுதான் மிச்சம். சொந்தக் கையிருப்பைப் போல் வராது என்று மறுபடி சொந்த நாருக்கே திரும்பினார்கள்.

பெரிதாகக் கீறாமல் சின்னத் துளை வழியாக மூட்டுக்குள் பார்க்கும் வித்தையில் ஜப்பானியரின் பங்கு பெரிது. டோக்கியோவில் 1918-ல் கென்ஜி தகாகி என்ற பேராசிரியர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். காரணம் காசநோய். அது முட்டியைத் தாக்கினால் கால் விறைத்துவிடும். தரையில் மண்டியிட்டு உட்காரும் ஜப்பானில், மடங்காத முட்டி பெரிய கொடுமை. சம்மணம் போட்டுச் சாப்பிட்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவருடைய மாணவர் மசாகி வதனாபே 1950களின் கடைசியில் '21ஆம் எண்' கருவியைச் செய்தார். நுனியில் சின்ன பல்பு, சமயத்தில் அது மூட்டுக்குள்ளேயே உடைந்துவிடுமாம். அவரிடம் போய்க் கற்றுக்கொண்டவர் கனடாவின் ராபர்ட் ஜாக்ஸன். 1964-ல் டோக்கியோ போனவர், பதிலுக்கு வதனாபேவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். பண்டமாற்று! 1980-ல் இங்கிலாந்தில் டேவிட் டேண்டி இப்படித் துளை வழியாகப் பார்த்தே ஏ.சி.எல். ஆபரேஷன் செய்தார்.

இவ்வளவும் படித்ததில் எனக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. அறிவியல் எங்கேயோ போய்விட்டது, சின்ன ஓட்டை, மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ், ஒரு வார லீவு, கதை முடிந்தது என்று நினைத்தேன். கதையே அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் ராஜவைத்தியம் செய்தேன். தண்ணீர், காபி, சாப்பாடு எல்லாம் கட்டிலுக்கே. குளிக்க பிளாஸ்டிக் நாற்காலி. வீக்கத்துக்கு ஃப்ரீஸரிலிருந்து பட்டாணி பாக்கெட். முட்டியை நீட்டினால் வலிக்கிறது என்றதும் அதன் அடியில் மெத்தென்று ஒரு தலையணை. அதன் மேல் கால் இருந்தால் வலி குறைந்து கண்ணயர்ந்துவிடுவார். நல்ல புருஷன் என்று எனக்கு நானே மார்க் போட்டுக்கொண்டேன். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த மாமியார்கூட, "மாப்ள தாங்கு தாங்குன்னு தாங்குறார்" என்று போனில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் பிசியோதெரபிஸ்ட் வந்தார். மராத்திப் பெண், இருபத்தைந்து வயசு இருக்கும். அளவுகோலை வைத்துப் பார்த்தார். முட்டி முழுசாக நீள இன்னும் 12 டிகிரி பாக்கி. கட்டிலைப் பார்த்தார். "இந்தத் தலையணையை யார் வைத்தது?" என்று இந்தியில் கேட்டார். பெருமையாக, நான்தான் என்றேன். "எடுத்துவிடுங்கள் சார். இது இங்கேயே இருந்தால் கால் இப்படியே மடங்கி நின்றுவிடும்" என்றார்.

தலையணைக்குப் பதில் ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். முட்டி அந்தரத்தில் தொங்கியது. தன் பாரத்தில் அது மெல்ல மெல்லக் கீழே இறங்க வேண்டும். தங்கமணியின் கண்ணில் தண்ணீர். "அஜூன் தோடா" என்றது அந்தப் பெண். இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். எனக்குத்தான் அந்த அறையில் நிற்க முடியவில்லை, பால்கனிக்குப் போய்விட்டேன்.

அன்றைக்கு ராத்திரிதான் சரித்திரத்தின் இன்னொரு பாதியைப் படித்தேன். பல காலமாக இந்த ஆபரேஷன் முடிந்ததும் காலை ஆறு வாரம் போல மாவுக்கட்டில் பூட்டி வைத்தார்கள். தைத்தது பத்திரமாக இருக்கட்டும் என்றுதான். தையல் பத்திரமாக இருந்தது, முட்டி விறைத்துத் தொடை சூம்பியது. 1980களில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் டொனால்ட் ஷெல்போர்ன் என்ற சர்ஜன் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். சொன்ன பேச்சைக் கேட்காமல், சீக்கிரமே காலை ஊன்றி நடந்த நோயாளிகள்தான் நன்றாகத் தேறியிருந்தார்கள்! அவர்களைத் திட்டுவதற்குப் பதில் கணக்கெடுத்தார். 1990-ல் பால் நிட்ஸுடன் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்: முதல் நாளிலிருந்தே முழுசாக நீட்டு, காலை ஊன்று. அதற்கப்புறம் உலகமே மாறியது.

1895-லிருந்து 1990 வரை 95 வருஷம். அவ்வளவு பெரிய சர்ஜன்களுக்கே, அரவணைத்து அசையாமல் வைப்பது வைத்தியம் ஆகாது என்று புரிய அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. என் தலையணையும் ஒரு மாவுக்கட்டுதான் என்று தெரிய எனக்குப் பத்து நாள். பரவாயில்லை என்று தேற்றிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து என் உத்தியோகம் மாறியது. காபி சமையலறையிலேயே இருக்கும், அவர்தான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். நான் பக்கத்தில் நடப்பேன், பிடிக்க மாட்டேன். (இதுதான் கஷ்டம், அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.) ஒரு நோட்டில் லெட்ஜர் போட்டேன். தேதி, எத்தனை டிகிரி நீண்டது, எத்தனை டிகிரி மடங்கியது, வீக்கம். மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. "பொண்ணு அழுவுறா, இவரு கணக்கு எழுதுறாரு" என்றார். முன்பு கொடுத்த மார்க்கையெல்லாம் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்.

மூன்றாம் மாதம் நிலைமை தலைகீழ். வலி போய்விட்டது, தங்கமணி ஓட வேண்டும் என்றார். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கோர்த்த நார் உடனே ஜவ்வாகிவிடாது. பழைய செல்கள் செத்து, புது ரத்த ஓட்டம் வந்து, மெல்ல மெல்ல மாற வேண்டும். அந்த நடுவாந்தரத்தில், அதாவது இரண்டு மூன்று மாதத்தில், அது வைத்த நாளைவிடப் பலவீனமாக இருக்கும். வலி இல்லாத நேரம்தான் ஆபத்தான நேரம். 2016-ல் வந்த ஒரு ஆய்வின்படி, ஒன்பது மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகிறது. எங்கள் பாஷையில் சொன்னால் மாரடோரியம். ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தோம், ஆனால் அவர் ஓடவில்லை.

ஒன்பதாம் மாதம் டாக்டரும் பிசியோவும் ஒற்றைக்காலில் தாண்ட வைத்து, தொடை பலத்தை அளந்து, "ஆடலாம்" என்றார்கள். அதற்குள் நான் ராக்கெட்டை லாஃப்டில் சூட்கேஸுக்குப் பின்னால் போட்டிருந்தேன். தூசி படாமல் இருக்கட்டும் என்று வெளியே சொன்னேன். உண்மையில் அவர் மறந்துவிட வேண்டும் என்றுதான். மாமியார் போனில், "இந்த வயசுல எதுக்கு பந்து வெளாட்டு, மாப்ள நீங்களாவது சொல்லக்கூடாதா" என்றார். நானும் சொன்னேன். வாக்கிங் போதுமே, யோகா இருக்கே என்று இழுத்தேன்.

தங்கமணி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஏங்க, இத்தனை பாடுபட்டு இந்தக் காலைச் சரிபண்ணது கொலுவுல வைக்கவா?" என்றார்.

ஸ்டூல் போட்டு நானே எடுத்துக் கொடுத்தேன். ஒரு நரம்பு அறுந்திருந்தது. லஷ்மி ரோடு பக்கம் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். 2024 ஜூலையில் மறுபடி ஆட ஆரம்பித்தார். முதலில் இருபது நிமிஷம், அதுவும் டபுள்ஸ் மட்டும்.

ஆகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக்ஸ். டிவியில் பெண்கள் அரையிறுதி. ஸ்பெயினின் கரோலினா மரின், தங்கமணிக்குப் பிடித்த ஆட்டக்காரி. 2019 ஜனவரியில் வலது முட்டி ஏ.சி.எல். போய், அதே செப்டம்பரில் வந்து சீனா ஓபன் ஜெயித்தவர். 2021-ல் இடது முட்டி. இரண்டிலிருந்தும் எழுந்து வந்து அன்றைக்கு முன்னிலையில் இருந்தபோது மறுபடி வலது முட்டி மடங்கி விழுந்தார். அந்த அழுகையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நான் ரிமோட்டைத் தேடினேன். "அணைக்காதீங்க" என்றார் தங்கமணி.

இரண்டு நாள் கழித்து அதே பாரிஸில் வினேஷ் போகாட் ஒரே நாளில் மூன்று மல்யுத்தங்களை ஜெயித்து இறுதிக்குப் போனார். 2023 ஆகஸ்டில் மும்பையில் ஏ.சி.எல். ஆபரேஷன் செய்துகொண்டவர் அவர். மறுநாள் 100 கிராம் எடையால் வாய்ப்பு போனது வேறு கதை, முட்டி அவரைக் கைவிடவில்லை. ஒரே வாரத்தில் ஒரு முட்டி போனது, ஒரு முட்டி நின்றது. இதில் எது நமக்கு என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. அடுத்த ஞாயிறு தங்கமணி ஷூ கட்டிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கூடப் போனேன். பேப்பரை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

அகமதாபாத் நண்பருக்கு என் பதில் இதுதான்: ஒரு வாரம் போதாது, ஒரு மாதம் மொத்தமாகவும் வேண்டாம். முதல் இரண்டு வாரம் கூட இருங்கள். மிச்ச லீவைப் பிரித்து, பிசியோ நாட்களுக்கும் மூன்றாம் மாதத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வரும் பெரியவர்களிடம் முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். முட்டிக்கடியில் தலையணை வைக்காதீர்கள். ராக்கெட்டையோ பந்தையோ அவர் கண்ணில் படுகிற இடத்திலேயே வையுங்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது தேறி வந்திருந்தால் எழுதுங்கள். அவருக்குத் தைரியமாக இருக்கும்.