மடியிலிருந்து மனிதருக்கா, மனிதரிடமிருந்து மடிக்கா? ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலக்டியே நுண்ணுயிரியின் மரபு வேறுபாடு குறித்த ஆய்வு வரலாறு (1887–2021)

ஆய்வுச் சுருக்கம்

கறவைப் பசுக்களின் மடிநோய்க்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலக்டியே என்னும் பாக்டீரியம் 1887 முதல் ஆராயப்பட்டு வருகிறது. வட ஐரோப்பாவில் ஏறத்தாழ ஒழிக்கப்பட்ட இந்நுண்ணுயிரி 21ஆம் நூற்றாண்டில் மீண்டும் தோன்றியது. அதனை ஒரே உயிரியின் மீள்வருகையாகக் கொள்வது பொருந்தாது என்பதையும், ஒரே பெயருக்குள் வெவ்வேறு கிளைமரபுகள் அடங்கியிருந்தமையே அவ்வாறு கருத இடமளித்தது என்பதையும் வகைப்பாட்டு முறைகளின் வரலாற்றின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மடிநோய், கிளைமரபு, லான்ஸ்ஃபீல்டு வகைப்பாடு, மரபணுத்தொகுதி, டெட்ராசைக்ளின்.

முன்னுரை

நோய்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மனித நோய்களையே எடுத்துக்கொள்கின்றனர். கால்நடை நோய்கள் பொருளாதார வரலாற்றின் ஓரத்தில் இடம்பெறுகின்றன. அவற்றை உண்டாக்கும் நுண்ணுயிரிகளின் வரலாறோ கால்நடை மருத்துவ நூல்களின் முதல் பத்தியோடு முடிந்துவிடுகிறது. பசுவின் மடியில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலக்டியே இப்போக்கிற்கு விலக்காகத் தக்கது. பசுவுக்கு மடிநோயைத் தரும் இதே இனம், மனிதரில் பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளின் குருதியிலும் மூளை உறையிலும் கடுந்தொற்றை உண்டாக்குகிறது. ஆகவே, இது யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்ற வினா ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகத் தொடர்கிறது. அவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகள், அந்தந்தக் காலத்தில் கையிலிருந்த வகைப்பாட்டு முறைக்கு ஏற்ப மாறிவந்துள்ளன.

பெயரும் முதல் அடையாளமும்

பிரான்சின் அல்ஃபோர் கால்நடை மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த எட்மண்ட் நோக்கார், மொல்லெரோ என்பவருடன் இணைந்து 1887இல் பசுக்களிடையே தொற்றிப் பரவும் ஒரு மடிநோயை விவரித்தார். நோயுற்ற மடியின் பாலில், மணிகளைக் கோத்தாற்போல் சங்கிலியாக அமைந்த நுண்ணுயிரிகளை அவர்கள் கண்டனர். இன்று வழங்கும் இனப்பெயர் 1896இல் லேமன், நாய்மன் ஆகியோரின் வகைப்பாட்டு நூல் வழியே நிலைபெற்றது. ‘அகலக்டியே’ என்பது பால் இன்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியில் பிறந்தது. நோயின் விளைவே நுண்ணுயிரியின் பெயரானது. பசுவின் உடைமை என்னும் எண்ணமும் அப்பெயரோடு ஒட்டிக்கொண்டது.

நோயின் இயல்பும் அவ்வெண்ணத்துக்குத் துணைநின்றது. நுண்ணுயிரி காம்பின் துளை வழியே மடிக்குள் நுழைகிறது. ஒரு பசுவிலிருந்து மற்றொரு பசுவுக்குக் கறப்பவர் கை, மடி துடைக்கும் துணி, கறவை இயந்திரத்தின் காம்புக்குழாய் ஆகியவற்றால் பரவுகிறது. பல பசுக்களில் வீக்கமோ காய்ச்சலோ தென்படுவதில்லை. பாலில் வெள்ளணுக்கள் பெருகும், பாலளவு குறையும், அவ்வளவே. புறத்தே நலமாகத் தோன்றும் பசு மந்தை முழுமைக்கும் நோயைத் தந்துகொண்டிருக்கும். இவ்வுயிரி மடிக்கு வெளியே நெடுநாள் வாழாது என்பது பாடநூல்களின் உறுதியான கூற்றாயிற்று.

லான்ஸ்ஃபீல்டின் எழுத்துகள்

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு 1933இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் திருப்புமுனை. மனிதர், விலங்குகள், பால், பாலாடைக்கட்டி ஆகியவற்றிலிருந்து பெற்ற 106 ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மாதிரிகளை அவர் ஆராய்ந்தார். நுண்ணுயிரியின் செல்சுவரிலுள்ள சர்க்கரைப் பொருளை அமிலத்தில் வெப்பமூட்டிப் பிரித்தெடுத்து, முயலின் ஊனீரோடு சேர்த்து, வீழ்படிவு உண்டாகிறதா எனப் பார்ப்பது அவர் முறை. இதன்படி ஏ முதல் ஈ வரை ஐந்து பிரிவுகள் கிடைத்தன. மனித நோய்களிலிருந்து வந்தவை பெரும்பாலும் ‘ஏ’. மடிநோயிலிருந்து வந்தவை ‘பி’.

இவ்வகைப்பாடு இன்றும் மருத்துவமனை ஆய்வகங்களில் வழங்குகிறது. அதன் வெற்றியை ஐயுற வேண்டியதில்லை. எனினும் அது இரு வேறு செய்திகளை ஒன்றாகக் கட்டியது. செல்சுவரின் வேதியியல் ஒன்று. மாதிரி கிடைத்த இடம் மற்றொன்று. ‘பி’ பிரிவு மாதிரிகள் பசுவிடமிருந்து கிடைத்தன என்பது, ‘பி’ பிரிவு பசுவுக்கே உரியது என்று வாசிக்கப்பட்டது. லான்ஸ்ஃபீல்டு தாமே 1935இல் ரோனால்ட் ஹேருடன் சேர்ந்து மகப்பேற்றுப் பெண்களிடம் இப்பிரிவைக் கண்டறிந்து வெளியிட்டார். 1938இல் இலண்டனில் ஃபிரை என்பவர், பேற்றுக்குப் பின் இப்பிரிவின் தொற்றால் நேர்ந்த மூன்று மரணங்களைப் பதிவு செய்தார். இவை அக்காலத்தில் அரிய விலக்குகளாகவே கருதப்பட்டன.

1944இல் ஆஸ்திரேலியாவில் கிறிஸ்டி, அட்கின்ஸ், முன்ச்–பீட்டர்சன் ஆகிய மூவர் எளிய சோதனை ஒன்றை வகுத்தனர். குருதி கலந்த ஊடகத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸின் கோட்டுக்குச் செங்குத்தாக இந்நுண்ணுயிரியைத் தீட்டினால், இரண்டும் நெருங்குமிடத்தில் அம்புமுனை போன்ற தெளிந்த பகுதி தோன்றும். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளால் ‘கேம்ப்’ சோதனை எனப்படும் இது, பால் ஆய்வகங்களுக்குப் பெரிதும் பயன்பட்டது. இனத்தை அடையாளம் காண இது போதும். இனத்துக்குள் உள்ள வேறுபாட்டை இது காட்டாது.

ஏழு மரபணுக்கள் சொன்ன கதை

1960களிலும் 1970களிலும் நிலை மாறியது. அமெரிக்க மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளின் குருதித்தொற்றுக்கு ‘பி’ பிரிவு முதன்மைக் காரணமாக உருவெடுத்தது. பசுவின் பாலிலிருந்து மனிதருக்கு வந்ததா என்ற வினா இயல்பாகவே எழுந்தது. பசுவிடமிருந்து பெற்றவை பெரும்பாலும் பாற்சர்க்கரையை நொதிக்கச் செய்தன. மனிதரிடமிருந்து பெற்றவை அவ்வளவாகச் செய்யவில்லை. இவ்வேறுபாடு நெடுங்காலம் ஆய்வகக் குறிப்பாகவே நின்றது. அதன் காரணம் விளங்கவில்லை.

2003இல் ஏழு மரபணுக்களின் எழுத்து வரிசையை ஒப்பிட்டுத் திரிபுகளை எண்ணிட்டு வகுக்கும் முறை இவ்வினத்துக்கு அமைக்கப்பட்டது. ஒவ்வொரு தனித்த சேர்க்கையும் ஒரு ‘வரிசை வகை’ ஆகும். பச்சிளங்குழந்தைகளின் கடுந்தொற்றோடு வரிசை வகை 17 நெருங்கிய தொடர்புடையது என்பது தெரிந்தது. அடுத்த ஆண்டே, இவ்வகை பசுக்களிடம் காணப்படும் 67ஆம் வகையோடு உறவுடையது என்பதால் பசுவின் முன்னோடியிலிருந்து பிறந்தது என்ற கட்டுரை வெளியாயிற்று. குழந்தைகளைக் கொல்லும் நுண்ணுயிரி மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தது என்னும் செய்தி எளிதில் பரவத்தக்கது, பரவவும் செய்தது.

இவ்விடத்தில் சுவடிப் பதிப்பு நெறியை அறிந்தோர்க்கு ஓர் ஒப்புமை உதவும். பாடவேறுபாடுகளைக் கொண்டு சுவடிக் குடும்பங்களை வகுக்கும் பதிப்பாசிரியர், ஒரு சுவடி முழுவதும் ஒரே மூலத்திலிருந்து படியெடுக்கப்பட்டது என்று கொண்டே தொடங்குகிறார். சில ஏடுகள் வேறொரு குடும்பத்துச் சுவடியிலிருந்து இடையிட்டு எழுதப்பட்டிருந்தால், ஏழு ஏடுகளை மட்டும் பார்த்து வரைந்த வழிமுறை மரம் பிழையாகும். நுண்ணுயிரிகளிலும் இதுவே நிகழ்கிறது. இவ்வினத்தின் குரோமோசோமில் பெரும் பெரும் துண்டுகள் ஒரு திரிபிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி அமைகின்றன என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏழு மரபணுக்களின் ஒற்றுமையை நேரடி வழித்தோன்றலுக்குச் சான்றாகக் கொள்வது அதன்பின் கடினமாயிற்று. 17ஆம் வகை பசுவிடமிருந்து பிறந்தது என்ற முடிவும் ஐயத்துக்குரியதானது.

முழு மரபணுத்தொகுதிகள்

இவ்வினத்தின் முதல் இரு முழு மரபணுத்தொகுதிகள் 2002இல் வெளியாயின. 2005இல் எட்டுத் திரிபுகளின் தொகுதிகளை ஒப்பிட்ட ஹெர்வே டெட்லன் குழுவினர், ஒவ்வொரு தொகுதியிலும் ஏறத்தாழ 80 விழுக்காடே எட்டுக்கும் பொதுவாக உள்ளது என்றனர். எஞ்சியவை சில திரிபுகளில் மட்டும் உண்டு. புதிய திரிபு ஒன்றைச் சேர்க்குந்தோறும் புதிய மரபணுக்கள் வந்துகொண்டே இருக்கும். ஓர் இனத்தின் எல்லாத் திரிபுகளின் மரபணுக்களையும் சேர்த்து ஒரே திரட்டாகக் காணும் கருத்து இக்கட்டுரையாலேயே நுண்ணுயிரியலில் நிலைபெற்றது. மடிநோயால் பெயர்பெற்ற இனத்தை ஆராய்ந்த அவ்வெட்டில் ஒன்றேனும் பசுவினது அன்று. எட்டும் மனிதரிடமிருந்து பெற்றவை. லான்ஸ்ஃபீல்டின் காலத்துச் சாய்வு நேர்மாறாகத் திரும்பியிருந்தது என்றே கொள்ள வேண்டும்.

பசுவிடமிருந்து பெற்ற திரிபின் தொகுதி 2011இல் ஆராயப்பட்டது. பாற்சர்க்கரையைச் சிதைக்கும் மரபணுக் கூட்டம் ஒன்று, ‘லாக்.2’ எனப் பெயரிடப்பட்டது, மடியில் வாழும் பிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்களோடு நிகழ்ந்த மரபணுப் பரிமாற்றத்தால் வந்திருக்கலாம் என்பது புலனாயிற்று. பழைய ஆய்வக வல்லுநர்கள் குறித்துவைத்த நொதித்தல் வேறுபாட்டுக்கு இவ்வாறு மரபியல் விளக்கம் கிடைத்தது. பாலில் வாழப் பாற்சர்க்கரையைப் பயன்படுத்தும் திறன் வேண்டும். அத்திறன் இரவலாகக் கிடைக்கக்கூடியது. அங்ஙனமாயின், எந்தக் கிளைமரபும் அதனைப் பெற்று மடியில் குடியேற இயலும்.

மனிதத் திரிபுகளின் அடையாளமும் இக்காலத்திலேயே தெளிவானது. 2014இல் வெளியான விரிவான ஆய்வின்படி, மனிதரிடமிருந்து பெற்றவற்றில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை டெட்ராசைக்ளின் மருந்தை எதிர்க்கும் மரபணுவைக் கொண்டவை. 1948 முதல் பரவலாக வழங்கப்பட்ட அம்மருந்து, எதிர்ப்பாற்றல் பெற்ற ஒருசில குலங்களைத் தேர்ந்தெடுத்து உலகெங்கும் பரப்பியது. அம்மருந்து இந்நோய்க்கென வழங்கப்பட்டதன்று என்பது கருதத்தக்கது. வேறு நோய்களுக்காக உட்கொண்டவர்களின் உடலில், உடன்வாழ்ந்த இந்நுண்ணுயிரியின் வரலாறு மாற்றி எழுதப்பட்டது.

ஒழிப்பும் ‘மீள்வருகை’யும்

இனி மடிக்குத் திரும்பலாம். வட ஐரோப்பிய நாடுகள் 1950களில் மடிநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டங்களைத் தொடங்கின. 1960களில் இங்கிலாந்தின் ரெடிங் நகரை அடுத்த பால் ஆய்வு நிறுவனத்தில் உருவான ஐந்து அம்சத் திட்டம் இவற்றுள் பெயர்பெற்றது. கறந்தபின் காம்புகளை மருந்தில் நனைத்தல், பால் வற்றும் காலத்தில் மடிக்குள் மருந்து செலுத்துதல், நோயுற்றவற்றுக்கு உடனே மருத்துவம், தீராநோய்ப் பசுக்களை மந்தையிலிருந்து விலக்குதல், கறவை இயந்திரத்தைச் செவ்வனே பேணுதல் ஆகியன அதன் கூறுகள். மடியிலிருந்து மடிக்கு மட்டுமே பரவுவதும் பெனிசிலினுக்கு எளிதில் கட்டுப்படுவதுமான நுண்ணுயிரிக்கு இது ஏற்ற முறை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலக்டியே வட ஐரோப்பிய மந்தைகளிலிருந்து ஏறத்தாழ மறைந்தது. மடித்திசுவில் ஆழ்ந்து தங்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் அவ்வாறு மறையவில்லை.

21ஆம் நூற்றாண்டில் அகலக்டியே மீண்டும் தோன்றியபோது, கட்டுப்பாடு தளர்ந்தது, மந்தைகள் பெரிதாயின என்ற விளக்கங்கள் முதலில் நினைவுக்கு வருவன. இவ்விளக்கங்கள் பழைய நுண்ணுயிரியே எங்கோ ஒளிந்திருந்து திரும்பியது என்று கொள்கின்றன. அக்கோளைச் சோதிக்கப் பழைய மாதிரிகள் தேவை. 1953 முதல் 1978 வரை பசுக்களிடமிருந்து சேகரித்துப் பாதுகாக்கப்பட்ட 44 மாதிரிகளையும், 1997 முதல் 2012 வரையிலான 76 மாதிரிகளையும் முழு மரபணுத்தொகுதி அளவில் ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளியாயிற்று. உலகெங்கும் பசுக்களிடம் காணப்படும் கிளைமரபு பழைய மாதிரிகளில் மிகுதியாக இருந்தது. புதியவற்றில் ஒன்றில்கூட இல்லை. டெட்ராசைக்ளின் எதிர்ப்போ புதியவற்றில் பரவலாகவும், பழையவற்றில் இல்லாமலும் இருந்தது. மேலும், புதிதாக அறியப்பட்ட மூன்று பிளாஸ்மிடுகளுள் இரண்டு, மனிதத் தொண்டையில் இந்நுண்ணுயிரியோடு உடன்வாழும் வேறு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களின் பிளாஸ்மிடுகளோடு 98 விழுக்காட்டுக்கும் மேல் ஒத்திருந்தன.

எனவே திரும்பி வந்தது பழைய குடியன்று. அது அகன்றபின் வெற்றிடமான மடியில், மனிதரிடமிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்த புதிய குலங்கள் இடம்பிடித்தன என்பதே அவ்வாய்வு ஆதரிக்கும் விளக்கம். கேம்ப் சோதனையும் லான்ஸ்ஃபீல்டின் ‘பி’யும் இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைத்தன; பால் ஆய்வகப் பதிவேடுகளும் அவ்வாறே எழுதின. அப்பதிவேடுகளை மட்டும் சான்றாகக் கொண்டு எழுதும் நோய் வரலாறு, ஓர் ஒழிப்புத் திட்டத்தின் வெற்றியைத் தோல்வியாகப் படிக்கும் இடர் உடையது.

நார்வேயிலிருந்து 2016இல் வந்த ஆய்வும் இங்கு இணைத்து நோக்கத்தக்கது. பசுவின் சாணத்திலும் தொழுவச் சூழலிலும் இந்நுண்ணுயிரி அங்குக் கண்டறியப்பட்டது. பரவும் வழி எல்லாத் திரிபுகளுக்கும் ஒன்றன்று என்பதும் தெரிந்தது. மடிக்கு வெளியே வாழாது என்ற பழைய பாடநூற் கூற்று இதனால் திருத்தம் வேண்டுவதாயிற்று. அத்துடன், காம்பிலும் கறவை இயந்திரத்திலும் மட்டும் கருத்தூன்றும் கட்டுப்பாடு, கறப்பவரின் தொண்டையைக் கணக்கிற்கொள்ளவே இல்லை.

ஒரு குறை எஞ்சுகிறது. 2021ஆம் ஆண்டு ஆய்வின் பழைய திரட்டு 1978இல் முடிகிறது. புதியது 1997இல் தொடங்குகிறது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளுக்கு அதில் மாதிரி இல்லை. நோய் அரிதாகும்போது சேகரிக்கத்தக்க மாதிரியும் அரிதாகும். பழைய கிளைமரபின் இறுதிப் பசுவும் புதிய கிளைமரபின் முதற்பசுவும் அவ்விடைவெளிக்குள்ளேயே இருந்திருக்கக்கூடும்.