பங்காளி ஆட்டம்

‘ரைவல்’ என்ற ஆங்கிலச் சொல்லை நம் விளையாட்டுச் செய்திகள் ‘பரம வைரி’ என்று எழுதுகின்றன. அதன் வேரில் இருப்பதோ தண்ணீர். லத்தீனில் ‘ரீவுஸ்’ என்றால் ஓடை. ‘ரீவாலிஸ்’, ஒரே ஓடையில் நீர் எடுக்கும் பாத்தியதை உள்ளவர். பங்கில் தகராறு வந்த பிறகே அச்சொல்லில் போட்டி ஏறியது. தமிழில் இதே தடத்தில் நடந்த சொல் பங்காளி: பங்குக்கு உரியவர், பிறகு அதே பங்குக்காக மல்லுக்கு நிற்பவர். விளையாட்டிலும் பங்குதான் போட்டியின் வேர். டெக்சஸ் பல்கலைக்கழகமும் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் 1894 முதல் அமெரிக்கக் கால்பந்தில் மோதியவை. 2012இல் ஏ அண்ட் எம் தென்கிழக்கு கான்ஃபரன்ஸ் என்ற வேறு அணிக் கூட்டமைப்புக்குப் போனதும் ஆட்டம் நின்றது. 2024இல் டெக்சஸும் அங்கே சேர்ந்த பிறகே மீண்டது. பகைக்குக் குறைவில்லை, பொது ஓடைதான் இல்லாமல் போனது. கான்ஃபரன்ஸ் வேறானாலும் கிளெம்சன், தென் கரோலினா பல்கலைக்கழக அணிகள் மோதுகின்றனவே எனலாம். இரண்டும் ஒரே மாநிலத்தவை, அவற்றுக்கு அந்த மாநிலமே பங்கு. ஒரே தெருவில் இரண்டு அணிக்கும் ரசிகர்கள். மதுரைப் பக்கம் பங்காளி என்று நண்பனையும் அழைப்பார்களே என்றால், அந்த நெருக்கம்தான் இச்சொல்லின் பலம். வைரியில் அது கிடையாது. செய்தி எழுதுவோர் இத்தகைய ஆட்டங்களைப் பங்காளி ஆட்டம் என்றே எழுதட்டும்.