வகுப்பறைக்கு வரும் அரும்பொருளகத்தில் யாருக்கு இடம்?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது பழமொழி. வரலாற்றுப் பாடத்திற்கு இது மிகவும் பொருந்தும். போர்க்கால வரலாறு கணினித் திரை வழியாக மாணவர்களின் கண்ணுக்கும் காதுக்கும் வந்து சேரும் இக்காலத்தில், அந்தப் பழமொழியின் மூன்றாவது பகுதி முன்பைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது.

மெய்நிகர் அரும்பொருளகம் என்பது, நேரில் செல்லாமலேயே ஓர் அரும்பொருளகத்தின் அறைகளையும் பொருள்களையும் ஆவணங்களையும் திரையில் காண வழிசெய்யும் ஏற்பாடு. பள்ளிப் பேருந்துக்கும் பெற்றோர் அனுமதிக் கடிதத்துக்கும் வேலையில்லை. கடல் தாண்டி இருக்கும் அரும்பொருளகமும் ஒரு பாடவேளைக்குள் வகுப்பறைக்கு வந்துவிடுகிறது.

2020ஆம் ஆண்டில் கொவிட்-19 நோய் பரவியபோது இதன் தேவை உலகமெங்கும் உணரப்பட்டது. உலக அரும்பொருளகங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு, அதாவது 85,000க்கும் அதிகமானவை, கதவடைக்க நேர்ந்ததாக யுனெஸ்கோ அவ்வாண்டு மே மாதம் தெரிவித்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்தபடி படித்த அந்த மாதங்களில், இணையத்தில் ஏற்கெனவே கடை விரித்திருந்த அரும்பொருளகங்களே கைகொடுத்தன.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தது. அன்று 10 வயதுச் சிறுவராக இருந்தவர் இன்று 90 வயதைத் தொட்டுவிட்டார். பள்ளிக்கு வந்து "இதை நான் பார்த்தேன்" என்று சொல்லக்கூடியவர்கள் அருகிவிட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தைத் திரை நிரப்ப வருகிறது. அது எதை வைத்து நிரப்புகிறது என்பதுதான் கேள்வி.

காலி அறையும் நிறைந்த அறையும்

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள ஆன் ஃபிராங்க் இல்லம் இதற்கு நல்ல உதாரணம். யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் குடும்பம் 1942ஆம் ஆண்டு ஜூலை மாதம் அங்கு ஒளிந்துகொண்டது. மொத்தம் எட்டுப் பேர். 1944 ஆகஸ்ட் 4ஆம் தேதி அவர்கள் கைது செய்யப்பட்ட பின், மேசை, நாற்காலி, கட்டில் எல்லாவற்றையும் நாஜிகள் அகற்றினர். எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் ஆனின் தந்தை ஓட்டோ ஃபிராங்க் மட்டுமே. 1960இல் வீடு அரும்பொருளகமாகத் திறக்கப்பட்டபோது, அந்த அறைகள் காலியாகவே இருக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். அங்கே இழப்பைச் சொல்வது அந்த வெறுமைதான்.

2010இல் இந்த மறைவிடம் இணையத்திலும், 2018இல் மெய்நிகர்க் கண்ணாடி அணிந்து காணும் வடிவிலும் வெளிவந்தது. அதில் அறைகள் காலியாக இல்லை. கட்டிலும் மேசையும் அடுப்பும் அன்று இருந்தபடி வரைந்து வைக்கப்பட்டுள்ளன. எட்டுப் பேர் எத்தனை நெருக்கடியில் வாழ்ந்தார்கள் என்பது மாணவருக்குச் சட்டென்று புரிகிறது. அது பெரிய உதவிதான். ஆனால் உண்மையான வீட்டில் இன்று அந்தப் பொருள்கள் இல்லை, அவை பறிக்கப்பட்டுவிட்டன என்பதை ஆசிரியர் சொன்னால்தான் பாடம் முழுமை பெறும். அதைச் சொல்லாமல் விட்டால் அழகாக ஒழுங்கு செய்த ஒரு வீட்டைச் சுற்றிப் பார்த்ததோடு பிள்ளைகள் நின்றுவிடுவார்கள்.

குரல் யாருடையது?

திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1994இல் அமெரிக்காவில் ஷோவா அறநிறுவனத்தைத் தோற்றுவித்தார். நாஜிகளின் யூத இனப்படுகொலையில் உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்களை ஒளிப்பதிவு செய்வதே அதன் நோக்கம். இன்று அதனிடம் 50,000க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. பள்ளிகளுக்கென்றே தனி இணையத்தளமும் உண்டு.

அந்நிறுவனத்தின் பிந்திய முயற்சி ஒன்றில், உயிர் தப்பிய ஒருவரைப் பல கேமராக்களுக்கு நடுவே அமரவைத்து, ஏறத்தாழ 1,000 கேள்விகளுக்குப் பதில் பெற்றுப் பதிவு செய்கிறார்கள். பின்னொரு நாள் மாணவர் ஒருவர் கேள்வி கேட்டால், பொருத்தமான பதிலைக் கணினி தேடி எடுத்து ஒலிக்கச் செய்கிறது. பதில் முழுவதும் அந்த மனிதர் சொன்னதே. கணினி ஒரு சொல்லையும் கூட்டுவதில்லை.

இந்த எல்லைக்கோடு மிக முக்கியமானது. 2023இல் வரலாற்று மனிதர்களோடு பேசலாம் என்ற விளம்பரத்துடன் வந்த ஒரு செயலியில், நாஜித் தலைவர்களின் பெயரில் இயந்திரமே வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதியது. அவர்கள் வாழ்நாளில் தெரிவிக்காத வருத்தம் அது. கடும் கண்டனம் எழுந்தது. பதிவான குரலைத் தேடித் தருவது ஒன்று, இல்லாத குரலை உண்டாக்குவது வேறொன்று. இரண்டும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும் என்பதால் மாணவர்களுக்கு வேறுபாட்டைக் கற்பிக்க வேண்டியுள்ளது.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இரண்டாம் உலகப் போர் அரும்பொருளகம் வேறொரு வழியைப் பின்பற்றுகிறது. அதன் கல்வி அலுவலர் காணொளி வழியாக வகுப்பறையோடு நேரடியாகப் பேசுகிறார். போர்க்காலப் பொருளைக் காட்டி, அது என்னவாக இருக்கும் என்று மாணவர்களையே கேட்கிறார். ஹிரோஷிமா அமைதி நினைவு அரும்பொருளகமும் அணுகுண்டுத் தாக்குதலில் தப்பியவர்களைக் காணொளி மூலம் பேசவைக்கிறது. இந்தத் திட்டங்களில் கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் மனிதர்கள் இருக்கிறார்கள். தானாக ஓடும் காட்சியைவிட இவை மனத்தில் தங்குவதற்கு அதுவே காரணம்.

மாணவர்கள் கட்டிய நகரம்

ஹிரோஷிமா மாவட்டத்தின் ஃபுக்குயாமா தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஒருபடி மேலே சென்றார்கள். 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி காலை 8.15 மணிக்கு அணுகுண்டு விழுவதற்கு முன்பு நகரம் எப்படி இருந்தது, பின்பு என்னவானது என்பதைக் காட்டும் ஐந்து நிமிட மெய்நிகர்க் காட்சியை அவர்களே உருவாக்கினார்கள். 2018இல் அது உலகச் செய்திகளில் இடம்பெற்றது. பழைய புகைப்படங்களைத் தேடினார்கள். உயிர் தப்பிய முதியவர்களைப் பேட்டி கண்டார்கள்.

காட்சி ஐந்து நிமிடம்தான். ஆனால் அதைச் செய்த மாணவர்கள் கற்றது மிக அதிகம். ஒரு தெருவை வரைய வேண்டுமானால் அந்தத் தெருவில் எந்தக் கட்டடம் எங்கே இருந்தது என்று யாரையாவது கேட்டாக வேண்டும். தீர விசாரிப்பது என்பது இதுதான்.

சிங்கப்பூரின் மேசை

சிங்கப்பூர் மாணவர்களுக்குப் போர்க்கால வரலாறு 1942 பிப்ரவரி 15ஆம் தேதியில் வந்து நிற்கிறது. அன்று புக்கிட் தீமாவில் உள்ள ஃபோர்டு கார்த் தொழிற்சாலையில், பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யாமஷித்தாவிடம் சரணடைந்தார். அந்த நாளே இன்று முழுமைத் தற்காப்பு தினமாகப் பள்ளிகளில் அனுசரிக்கப்படுகிறது.

தொழிற்சாலைக் கட்டடம் 2006இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டுக் காட்சிக்கூடமாகவும் ஆனது. சரணடைந்த ஆவணத்தில் கையெழுத்திட்ட அசல் மேசையோ ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், அந்நாட்டுப் போர் நினைவகத்தில் உள்ளது. உண்மையான அரும்பொருளகத்திலும் நகல் உண்டு, அசல் வேறு நாட்டில் இருக்கலாம் என்பதற்கு இது சான்று. திரையில் காண்பது மட்டும்தான் போலி என்று எண்ண வேண்டியதில்லை.

2017இல் இந்தக் காட்சிக்கூடம் புதுப்பிக்கப்பட்டபோது ஜப்பானியர் சிங்கப்பூருக்கு வைத்த 'சியோனான்' என்ற பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மூத்த தலைமுறையினரின் மனம் புண்பட்டது. இரண்டே நாளில் அந்தப் பெயர் கைவிடப்பட்டது. 75 ஆண்டுகள் கழித்தும் ஒரு சொல்லுக்கு அத்தனை வலி இருக்கிறது என்றால், போர்க்கால வரலாறு வெறும் தேர்வுப் பாடமாக இருக்க முடியாது.

பெயருள்ள கல்லறை, பெயரில்லாத எண்ணிக்கை

இங்கேதான் தமிழ்ப் பிள்ளைகளைத் தொடும் கேள்வி எழுகிறது.

சயாமையும் பர்மாவையும் இணைத்து ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் ரயில்பாதை 1942இல் தொடங்கப்பட்டு 1943 அக்டோபரில் முடிந்தது. மரண ரயில்பாதை என்று அது பெயர் பெற்றது. அதில் ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகள் வேலை வாங்கப்பட்டார்கள். 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களுக்குக் காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் தன்பியூசயாட்டிலும் பராமரிக்கப்படும் கல்லறைகள் உள்ளன. காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் வயதும் பொறிக்கப்பட்டுள்ளன.

அதே பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் எண்ணிக்கை 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் மதிப்பிடுகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியே 20,000 மனிதர்கள். இறந்தவர்களுக்குள் 20,000 பேர் இருந்தார்களா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்குக் கணக்கு இல்லாமல் போயிருக்கிறது.

மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள். கூலியும் சாப்பாடும் உண்டு, சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று சொல்லி முதலில் ஆள் சேர்த்தார்கள். பின்பு வலுக்கட்டாயமாகப் பிடித்துச் சென்றார்கள். காலராவும் மலேரியாவும் பசியும் முகாம் முகாமாக அவர்களை அழித்தன. போர்க்கைதிகளிடையே இராணுவ மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். தொழிலாளர் முகாம்களில் அந்த ஏற்பாடு இல்லை.

பதிவுகளிலும் இதே வேறுபாடு தெரிகிறது. பிரிட்டிஷ் கைதியாக இருந்த ஓவியர் ரொனால்ட் சேர்ல் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய ஓவியங்கள் இன்று லண்டன் இம்பீரியல் போர் அரும்பொருளகத்தில் உள்ளன. காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் அவற்றை அவர் மறைத்து வைத்தார். 1998இல் ஆஸ்திரேலிய அரசு ஹெல்ஃபயர் கணவாயில் திறந்த நினைவு நிலையத்தின் ஒலி வழிகாட்டியில் முன்னாள் கைதிகளின் குரலைக் கேட்கலாம். நாட்குறிப்பு, ஓவியம், குரல் எல்லாம் அவர்களுக்கு உண்டு. அவற்றைத் திரைக்குக் கொண்டுவருவது எளிது. எழுதப் படிக்க வாய்ப்பில்லாத, கையில் காகிதம் இல்லாத தோட்டத் தொழிலாளியிடம் திரைக்கு ஏற்ற எதுவும் மிஞ்சவில்லை.

தமிழர்களின் நினைவுகளுக்குள்ளும் இந்தச் சாய்வு உண்டு. 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் பாடாங்கில் இந்திய தேசிய இராணுவத்தைப் பார்வையிட்ட காட்சிக்குப் புகைப்படங்கள் உள்ளன. ஜான்சி ராணிப் படையின் அணிவகுப்புக்கும் படங்கள் உள்ளன. அந்தப் பெருமிதம் வீட்டுச் சுவர்களில் மாட்டப்பட்டது. அதே ஆண்டு, அதே மாதங்களில் சயாமில் நடந்த சாவுகள் பாட்டிமார்களின் பேச்சிலும், மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற நாவல்களிலும்தான் தங்கின.

மெய்நிகர் அரும்பொருளகம் உள்ளதைக் காட்டும் கருவி. உள்ளது என்பது பதிவானது மட்டுமே. ஆகவே பதிவாகாதவர்கள் முதலில் வாழ்வை இழந்தார்கள், இப்போது பாடத்திலும் இடம் இழக்கக்கூடும். திரை எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்த ஆபத்தும் கூடுகிறது. இத்தனை துல்லியமாகக் காட்டும்போது விடுபட்டது ஒன்று இருக்கும் என்று மாணவருக்குத் தோன்றாது.

ஆசிரியரும் பெற்றோரும் செய்யக்கூடியது

இதற்காகத் திரையை அணைத்துவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு மெய்நிகர்ச் சுற்றுலாவின் முடிவிலும் பத்து நிமிடம் ஒதுக்கி நான்கு கேள்விகளைக் கேட்டால் போதும். இந்தப் படத்தை எடுத்தவர் யார்? எதற்காக எடுத்தார்? இதில் யாரைக் காணவில்லை? அவர்களைப் பற்றி எங்கே தேடலாம்?

நான்காவது கேள்விக்குச் சிங்கப்பூரிலேயே விடை தொடங்குகிறது. 1979இல் தொடங்கப்பட்ட வாய்மொழி வரலாற்றுப் பிரிவு, ஜப்பானிய ஆட்சிக்காலம் பற்றிய நேர்காணல்களை 1981 முதல் பதிவு செய்தது. தமிழிலும் நேர்காணல்கள் உள்ளன. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் பல பதிவுகளைக் கேட்கலாம். ஜப்பான்காரன் காலத்து மரவள்ளிக்கிழங்கையும் மதிப்பிழந்த வாழைமர நோட்டையும் அந்தக் காலத்தவர் சொல்லச் சொல்லக் கேட்பது, எந்த மெய்நிகர்க் கண்ணாடிக்கும் குறைந்த அனுபவம் அன்று. தமிழ் வகுப்பில் கேட்டல் பயிற்சிக்கே இவற்றைப் பயன்படுத்தலாம்.

அடுத்தது வீடு. சயாமுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை என்றாலும், போனவரின் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அப்பா எந்தத் தோட்டத்திலிருந்து போனார், யாரோடு போனார், திரும்பினாரா என்று அவர்களால் சொல்ல முடியும். ஃபுக்குயாமா மாணவர்கள் செய்ததை இங்குள்ள மாணவர்கள் ஒரு கைத்தொலைபேசியால் செய்யலாம். பெயர், தோட்டம், ஆண்டு என்ற மூன்று விவரங்கள் கிடைத்தாலே, அந்த 20,000 இடைவெளியில் ஒரு மனிதருக்குப் பெயர் கிடைக்கிறது.

வருங்கால மெய்நிகர் அரும்பொருளகத்தைக் கட்டப்போகிறவர்கள் இருப்பதை வைத்துத்தான் கட்டுவார்கள். அவர்கள் கைக்கு என்ன போய்ச் சேர வேண்டும் என்பதை இன்றைய குடும்பங்கள் முடிவு செய்யலாம். சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பது நல்லது.