மாடியில் 10 பை தக்காளி வைத்தால் வீட்டுக்குப் போதுமா? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வெயிலுக்கு எந்த ரகம், எந்த மாதம்?

தக்காளி விலை ஏறும்போதெல்லாம் மாடித்தோட்டம் பற்றிய பேச்சும் சேர்ந்தே ஏறும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்கும் நிலை வந்தது. அப்போது பை வாங்கி, மண் நிரப்பி, விதை போட்டவர்கள் ஏராளம். ஆனால் பலர் வீட்டில் செடி ஆளுயரம் வளர்ந்ததே தவிர, காய்த்தது நாலே நாலு காய்தான்.

ஏன் அப்படி? பையில் வளர்க்க எந்த ரகம் சரி? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மாதிரி மலையடிவார ஊர்களில் எப்போது நடணும்? பார்க்கலாம்.

செடி ஏன் உயரமா போகுது, காய் மட்டும் வரல?

தக்காளியில் இரண்டு வகை உண்டு. ஒன்று கொடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும் ரகம். இன்னொன்று ஓரளவு உயரத்தோடு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, புதராகப் படர்ந்து, கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் காய்க்கும் குட்டை ரகம். 1914-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தானாகவே தோன்றிய ஒரு மரபணு மாற்றம்தான் இந்தக் குட்டைக் குணத்துக்குக் காரணம். இன்று உலகம் முழுக்க உள்ள குட்டை ரகங்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது அந்தக் குணம்தான்.

கொடி ரகத்துக்கு வேர் ஓட நிறைய இடம் வேண்டும். ஒரு அடி பையில் அதை வைத்தால் செடி தண்டாகவே நின்றுவிடும். கடைத் தக்காளியைப் பிழிந்து விதை எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். அது பெரும்பாலும் ஹைப்ரிட் பழமாக இருக்கும். அந்த விதையில் வரும் செடி, தாய்ச்செடி மாதிரியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

நம்ம ஊருக்கு எந்த ரகம்?

*பிகேஎம் 1:* பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான ரகம். தேனி பக்கத்து 'அன்னஞ்சி' நாட்டுத் தக்காளியிலிருந்து வந்தது. அதாவது, ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். வறட்சியைத் தாங்கும். ஹைப்ரிட் இல்லை என்பதால் விதையை நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

*கோ 3 (மருதம்):* கோவை வேளாண் பல்கலைக்கழக ரகம். செடி அடக்கமாக இருக்கும். சுமார் 100 முதல் 105 நாளில் முடிந்துவிடும். இடம் குறைவாக உள்ளவர்களுக்கு இது பொருந்தும்.

*மைக்ரோ டாம், ரெட் ராபின் போன்ற மிகக் குட்டை செர்ரி ரகங்கள்:* ஜன்னல் ஓரத்துத் தொட்டியிலேயே காய்க்கும். ரெட் ராபினை 2022-ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே அனுப்பி வளர்த்துப் பார்த்தார்கள். ஆனால் பழம் கோலிக்குண்டு அளவுதான். குழந்தைகள் பறித்துச் சாப்பிடலாம், சாம்பாருக்கு ஆகாது.

ஒரு செடியில் எவ்வளவு கிடைக்கும்?

'ஒரே செடியில் 10 கிலோ' என்று வரும் வீடியோக்களை நம்பி இறங்க வேண்டாம். பிகேஎம் 1 ரகத்துக்கு வயலில் சொல்லப்படும் மகசூல் ஹெக்டேருக்கு 30 முதல் 35 டன். 60-க்கு 45 செ.மீ இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேரில் சுமார் 37,000 செடி நிற்கும். வகுத்துப் பாருங்கள். ஒரு செடிக்கு 800 முதல் 950 கிராம்தான் வருகிறது.

அப்போ 10 பை வைத்தால், எல்லாம் நல்லபடியாக நடந்தால் 8, 9 கிலோ. வாரம் 2 கிலோ வாங்கும் வீட்டுக்கு ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாக வரும், அவ்வளவுதான். 10 செடியையும் ஒரே நாளில் நடாமல், 3 வாரம் இடைவெளி விட்டு ஐந்து ஐந்தாக நட்டால் பழம் ஒரேயடியாகக் குவியாது.

எப்போது நடணும்?

தக்காளிக்குப் பிடித்தது 21 முதல் 24 டிகிரி. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் பூ உதிரும். எவ்வளவு உரம் போட்டாலும் நிற்காது. அதனால் சித்திரை, வைகாசியில் காய் எதிர்பார்ப்பது வீண்.

ஐப்பசி மழை ஓய்ந்து, கார்த்திகை நடுவில் விதை போடுங்கள். 25 நாள் நாற்றை மார்கழியில் பைக்கு மாற்றுங்கள். மாசி, பங்குனியில் பழம் பறிக்கலாம். இரண்டாவது சுற்று ஆனி, ஆடியில் தொடங்கலாம். ஆனால் மலைப் பக்கமிருந்து வீசும் ஆடிக் காற்று மாடியில் செடியைச் சாய்த்துவிடும். மேற்கே ஒரு தடுப்பு, செடிக்கு ஒரு குச்சி கட்டாயம். குச்சியில் கட்ட நூல் வேண்டாம், தண்டை அறுக்கும். பழைய வேட்டி ஓரமோ, சத்திரப்பட்டி பக்கம் கிடைக்கும் பேண்டேஜ் துணித் துண்டோ போதும்.

பையா, மேட்டுப்பாத்தியா?

மொட்டை மாடி என்றால் பை. கொல்லைப்புறம் இருந்தால் மேட்டுப்பாத்தி. காரணம் எடைதான்.

ஒரு அடி அகலம், ஒரு அடி உயரப் பையில் சுமார் 20 லிட்டர் கொள்ளும். அதில் வெறும் மண்ணை நிரப்பி நனைத்தால் 30 கிலோ தாண்டும். தென்னை நார்க்கழிவு கலந்தால் எடை வெகுவாகக் குறையும். ஆனால் 4 அடிக்கு 2 அடி, ஒரு அடி உயரப் பாத்தியை மண்ணால் நிரப்பினால் 300 கிலோவுக்கு மேல் போகும். பழைய வீட்டு மாடிக்கு இது ஆபத்து. பைகளையும் நடுவில் குவிக்காமல் சுவர், பீம் ஓரமாக வரிசையாக வையுங்கள். செங்கல் மேல் தூக்கி வைத்தால் தளத்தில் ஈரம் இறங்காது.

மண் கலவை

• நார்க்கழிவு 2 பங்கு, செம்மண் 1 பங்கு, மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு.
• நார்க்கழிவை இரண்டு மூன்று தடவை அலசிய பிறகே கலக்கணும். அதில் உப்பு இருக்கும்.
• கரிசல் மண்ணை மட்டும் தனியாக நிரப்பாதீர்கள். நனைந்தால் குழையும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும்.
• பச்சைச் சாணம் போடக் கூடாது. வேர் வெந்துவிடும்.

ராஜபாளையத்தைச் சுற்றித் தென்னந்தோப்பு, பால்கோவா ஊரில் மாட்டுத் தொழுவம். அதனால் இந்த இரண்டுக்கும் பெரிய செலவு ஆகாது.

நாற்றை நடும்போது தண்டின் கீழ்ப்பகுதியையும் மண்ணுக்குள் புதையுங்கள். அதிலிருந்தும் வேர் விடும். குட்டை ரகத்தில் பக்கக் கிளைகளைக் கிள்ள வேண்டாம், அதில்தான் காய் வரும். பூத்த பிறகு காலையில் செடியை லேசாகத் தட்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும்.

தண்ணீர், நோய்: எதைக் கவனிக்கணும்?

*காயின் அடி கறுத்தால்:* இது பூச்சி இல்லை. ஒருநாள் காயவிட்டு, மறுநாள் கொட்டோ கொட்டென்று ஊற்றுவதால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராமல் வருவது. மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். இரண்டாவது கணு வரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மேலே சருகு பரப்பினால் ஈரம் நிற்கும். அரிசி கழுவிய தண்ணீரும் ஊற்றலாம். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

*இலை சுருண்டு, செடி குன்றினால்:* வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். இதற்கு மருந்து கிடையாது. அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்தினால்தான் மற்றது பிழைக்கும். வராமல் தடுக்க மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிடுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி வேப்ப எண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் அடிக்கலாம்.

*குரங்கு வந்தால்:* மலையை ஒட்டிய தெருக்களில் வலை இல்லாமல் பழுக்கவிட முடியாது. நிறம் மாறத் தொடங்கியதுமே பறித்து, வீட்டுக்குள் வைத்துப் பழுக்க வையுங்கள். ருசி பெரிதாகக் குறையாது.

அரசு உதவி உண்டா?

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகள் கொடுத்து வருகிறது. பை, நார்க்கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம், வேப்ப எண்ணெய் எல்லாம் அதில் இருக்கும். மானியத் தொகையும் எண்ணிக்கையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் ஆதாரோடு போய்க் கேட்டால் சொல்வார்கள்.

அப்போ விலை உயர்விலிருந்து தப்பிக்கலாமா?

முழுசா முடியாது. கடும் வெயிலும் பெருமழையும் வயலில் தக்காளியைக் கெடுக்கும்போதுதான் விலை ஏறுகிறது. அதே வெயிலும் மழையும்தான் உங்கள் மாடியிலும். சந்தையில் தக்காளி இல்லாத நாளில் உங்கள் செடியிலும் இருக்காது.

ஒரு வழி இருக்கிறது. மாசி, பங்குனியில் சந்தையிலும் விலை இறங்கினால், வீட்டுப் பழத்தோடு கொஞ்சம் வாங்கிச் சேர்த்துத் தொக்கு கிண்டுங்கள். அல்லது அரிந்து, உப்புத் தூவி, சுக்காகக் காய வையுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு மூன்று நான்கு நாளில் காய்ந்துவிடும். ஈரமில்லாத பாட்டிலில் போட்டால் ஆனி மாத ரசத்துக்கு அது கைகொடுக்கும்.

முதல் தடவை என்றால் 10 பை வேண்டாம். பிகேஎம் 1 மூன்று, கோ 3 இரண்டு என ஐந்தே பையில் தொடங்குங்கள். எது உங்கள் மாடிக்கு ஒத்துவருகிறதோ, அதன் நல்ல பழம் ஒன்றில் விதை எடுத்து வையுங்கள். அடுத்த கார்த்திகைக்கு விதைச் செலவும் மிச்சம்.