பெயரும் பெயரனும்

மகன் வயிற்றிலோ மகள் வயிற்றிலோ பிறந்த ஆண்மகவைப் பேரன் என்றும் பெண்மகவைப் பேர்த்தி என்றும் தமிழர் வழங்குவர். இச்சொற்களின் முந்திய வடிவங்கள் பெயரன், பெயர்த்தி என்பன. பாட்டனுடைய பெயரைத் தாங்கி நிற்பவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்கி நிற்பவள் பெயர்த்தி. ஒரு பெயரீட்டு வழக்கத்துக்கு உறவுமுறைச் சொல்லே சான்றாக நிற்பது தமிழின் சிறப்புகளுள் ஒன்று.

இவ்வழக்கம் குடிகளோடு நின்றுவிடவில்லை. சோழ வேந்தர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிச் சூடினர். ஈழத்திலே யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் பரராசசேகரன், செகராசசேகரன் என்னும் பட்டங்களை அவ்வாறே ஒருவர்பின் ஒருவராகப் புனைந்தனர். தந்தைக்குப் பின் மகன் அரசுகட்டில் ஏறியபோதெல்லாம் பாட்டனுக்கு இருந்த பட்டமே பெயரனுக்கு வந்து சேர்ந்தது.

குடிகளின் மனைகளில் இதனால் ஒரு சிறு இடர் நேர்ந்ததுண்டு. மாமனாரின் பெயரை மருமகள் வாயாற் சொல்லுதல் முறையன்று எனக் கருதப்பட்ட காலம் அது. தான் பெற்ற பிள்ளைக்கு மாமனாரின் பெயரே வாய்த்திருக்க, அவள் அவனை எவ்வாறு அழைப்பாள்? ஆகவே தம்பி, இராசா, சின்னவன் என வீட்டுப்பெயரொன்று உடன் தோன்றிற்று. ஏட்டில் ஒரு பெயரும் அடுக்களையில் ஒரு பெயருமாக ஒருவரே வாழ்ந்த நிலைக்கு இது ஒரு காரணமாகும்.

பாட்டன் பெயரே மீண்டும் மீண்டும் வருமாயின் பெயர்கள் மாறுவதற்கு இடமில்லை என்று தோன்றலாம். ஆயினும் அவை மாறியே வந்துள்ளன. சங்க காலத்து மக்கட்பெயர்கள் பெரும்பாலும் சிறியவை. ஆதன், கீரன், சாத்தன், பூதன், தேவன், நாகன் என்பன பெருவழக்காயிருந்தன. அகநானூறு, குறுந்தொகை, நற்றிணை ஆகிய தொகைகளில் ஏழு செய்யுட்களைத் தந்த ஈழத்துப் பூதன்தேவனாரின் பெயரும் இவ்வகையினதே. மதுரைக்கு அணித்தாகிய கீழடியில் 2015ஆம் ஆண்டு தொடங்கி நடந்த அகழாய்வுகளில் ஆதன், குவிரன் என்னும் பெயர்கள் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. அநுராதபுரத்திலே தமிழ் வணிகர் அமைத்த மண்டபத்துப் பிராமிக் கல்வெட்டிலும் குபிர என்னும் பெயர் காணப்படுகின்றது. கடலின் இரு கரையிலும் ஒத்த பெயர்கள் வழங்கின என்பதற்கு இவை சான்று. இன்று ஆதன் என்றோ பூதன் என்றோ குழந்தைக்குப் பெயரிடுவார் அரியர்.

முதற் பெருமாற்றம் பத்தி இயக்கத்தினால் விளைந்தது. நாயன்மாரும் ஆழ்வாரும் ஊர்தோறும் சென்று பாடியபின் தலங்களின் பெயரும் இறைவனின் கோலமுமே மக்கட்பெயர்களாயின. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிற் பணிக்கென அமர்த்திய தளிச்சேரிப் பெண்டிர் ஏறக்குறைய 400 பேரின் பெயர்கள் அக்கோயிற் சுவரிலே பொறிக்கப்பட்டுள்ளன. சேரமங்கை, தில்லையழகி, திருவையாறு, எடுத்தபாதம் என்பன அவற்றுட் சில. கூத்தப்பெருமான் தூக்கிய திருவடியே எடுத்தபாதம்; அத்திருவடி ஒரு பெண்ணுக்குப் பெயராக நின்றது. ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் அப்பெண்களைப் பற்றி எஞ்சியிருப்பன அவர்தம் பெயரும், வந்த ஊரும், குடியிருந்த மனையின் இலக்கமுமே.

யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயர் வசமானபின் ஞானஸ்நானப் பெயர்கள் இந்நாட்டிற் பரவின. வந்த பெயர்களையும் தமிழ் தன் வழிக்குத் திருப்பிக்கொண்டது. சந்தியாகு சந்தியாப்பிள்ளையானார், சவேரியார் பெயர் சவரிமுத்துவாயிற்று. பேதுருவை இராயப்பர் என்றும், பவுலைச் சின்னப்பர் என்றும், யோவானை அருளப்பர் என்றும் கத்தோலிக்கத் தமிழர் வழங்கினர். பிற்காலத்தில் ஆங்கிலக் கல்வி ஓங்கவே இவற்றினிடத்தைப் பீற்றரும் போலும் ஜோனும் பிடித்தனர்.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். அங்குப் பயின்ற பிள்ளைகளின் செலவை ஏற்ற அமெரிக்க அன்பர்களின் பெயர்கள் அப்பிள்ளைகளுக்கே சூட்டப்பட்டன. பாவலர் சரித்திர தீபகத்தை 1886இல் வெளியிட்ட சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் எனவும், தருக்கநூல் வல்ல சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் எனவும் அழைக்கப்பட்டமை இதனாலேயாம். கண்டறியாத ஒருவரின் பெயரைச் சுமப்பதே கல்விக்குக் கொடுத்த விலையாயிற்று. எனினும் அவர்கள் தம் தமிழ்ப்பெயரையும் விட்டிலர். இரண்டையும் சேர்த்தே எழுதினர்.

பழைய பெயர்களைப் பற்றிப் பேசுவோர் அவற்றின் இனிமையை மட்டும் பேசி விடுதல் உண்மைக்கு நீதி செய்ததாகாது. கந்தன் என்னும் ஒரே பெயர் கந்தர், கந்தையா, கந்தப்பிள்ளை எனப் பல ஈறுகளோடு வழங்கிற்று. மதிப்பைக் காட்டும் ஈறு மேற்குடியினர்க்கே உரியது என்றும், ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்தவன் கந்தனாகவே நின்றுவிட வேண்டும் என்றும் ஊர் கட்டாயப்படுத்தியது. பெயரைக் கேட்ட அளவில் அவனைத் திண்ணையில் இருத்துவதா முற்றத்தில் நிறுத்துவதா என்பது தீர்மானமாயிற்று. பாட்டன் பெயர் பெயரனுக்கு வந்தபோது பாட்டனின் இழிவும் உடன் வந்தது.

தமிழ்நாட்டிலே குப்பன், குப்பம்மாள், பிச்சை, மண்ணாங்கட்டி என்னும் பெயர்கள் வேறொரு துயரைச் சொல்வன. முன் பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து மாண்டபின், பிறந்த மகவைக் குப்பையிற் புரட்டி எடுத்து அப்பெயரே இடுவர். இழிந்த பெயரைக் கேட்டு எமன் விலகிப்போவான் என்பது நம்பிக்கை. ஆண்மகவை வேண்டி நிற்கையிற் பெண்களே பிறந்தால், கடைசிப் பெண்ணுக்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைத்தாரும் உளர். தான் வேண்டப்படாதவள் என்பதை அப்பெண் வாழ்நாள் முழுதும் கேட்டுக்கொண்டே இருந்தாள். மருத்துவமும் தடுப்பூசியும் பரவிக் குழந்தைச் சாவு குறைந்தபோது, குப்பனும் பிச்சையும் மெல்ல மறைந்தனர்.

இருபதாம் நூற்றாண்டிலே பெயரிடும் உரிமை பாட்டியின் கையிலிருந்து நூல்களுக்கும் மேடைக்கும் திரைக்கும் மாறிற்று. வேதாசலம் என்னும் பெயருடையார் 1916ஆம் ஆண்டளவில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி மறைமலை அடிகளாயினார். திராவிட இயக்கத்திலே நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார்; இராமையா அன்பழகன் ஆனார். மாங்குளத்துக் குகைக் கல்வெட்டிலே ஏறத்தாழ 2200 ஆண்டுகளுக்கு முன் பொறிக்கப்பெற்ற பெயர் நெடுஞ்செழியன் என்பது. கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனைத் தொடராக எழுதியபின் குந்தவை, வானதி, அருள்மொழி என்னும் பெயர்கள் இல்லங்களிற் புகுந்தன. இராசராசனின் தமக்கைக்கும் மகளுக்கும் உரியதாயிருந்த குந்தவை என்னும் பெயர் நெடுங்காலம் வழக்கொழிந்து கிடந்து, பாட்டி வழியாக அன்றிக் கதை வழியாக மீண்டது. அரசியலும் தன் பங்கைச் செலுத்திற்று. 1953 மார்ச்சு 1ஆம் நாள் பிறந்த மு. கருணாநிதியின் மகனுக்கு, அம்மாதம் 5ஆம் நாள் மறைந்த சோவியத்துத் தலைவர் ஸ்டாலினின் பெயர் சூட்டப்பட்டமை யாவரும் அறிந்ததே.

ஈழத்திலே கந்தையாவும் வேலுப்பிள்ளையும் சின்னத்தம்பியும், செல்லம்மாவும் தெய்வானையும் தங்கள் மக்களுக்கு யோகேஸ்வரன், மகேஸ்வரி எனப் பெயரிட்டனர். அவர்தம் மக்களோ தர்ஷன், கஜன், நிரோஷன் என்றும் தர்ஷினி, நிரோஜா என்றும் இட்டனர். பிறந்த நட்சத்திரத்துக்குரிய எழுத்திலே பெயர் தொடங்க வேண்டும் என்பதும், எண்சோதிடப்படி கூட்டுத்தொகை அமைய வேண்டும் என்பதும், எதிர்வீட்டுப் பிள்ளைக்கு இல்லாத பெயராக இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்து, பொருளினும் ஓசையே பெரிதாயிற்று. தமிழ்ப் பிள்ளையின் பெயரை ஆங்கில எழுத்துக்களின் கூட்டுத்தொகை முடிவு செய்யும் விந்தையும் நிகழ்கின்றது.

பொருளற்ற பெயர் என்று இவற்றைப் பழிப்பார் உளர். ஆயின் தர்ஷன் என்னும் பெயரைக் கேட்டு அவன் எக்குடியினன் என்று எவரும் சொல்ல இயலாது. கந்தனாகவே நிற்கப் பணிக்கப்பட்டவனின் பெயரன், உடன்பயிலும் எவனுடைய பெயருக்கும் தாழாத ஒரு பெயரோடு பள்ளிக்குச் சென்றான். பாட்டனின் பெயரைக் கைவிட்டமை அவன் குடும்பத்துக்கு மறதியன்று, விடுதலை. மற்றொரு குடும்பத்துக்கோ அதே செயல், முப்பாட்டனின் பெயர் யாது என்று கேட்டால் விடை சொல்ல ஒருவருமில்லாத நிலையைத் தந்தது. ஒரே மாற்றம் ஒருவர்க்குப் பேறாகவும் ஒருவர்க்கு இழப்பாகவும் அமைந்ததை உணராமற் பெயர் வரலாற்றை எழுதுதல் இயலாது.

1983ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் ஈழத்தமிழர் பல்லாயிரவர் கனடா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிற் குடியேறினர். அந்நாடுகளின் அலுவலகங்கள் ஒவ்வொருவரிடமும் குடும்பப் பெயர் கேட்டன. குடும்பப் பெயர் என்ற ஒன்றை அறியாத தமிழர் பலர் அவ்விடத்தில் தந்தையின் பெயரை எழுதினர். பின்னர் அங்குப் பிறந்த பிள்ளைகளுக்கும் அதுவே குடும்பப் பெயராக நின்றது. அவ்வாறு, கந்தையாவின் மகனுக்கு ரொறன்ரோவில் ஒரு மகள் பிறந்தால், அவளது முதற்பெயர் எத்துணைப் புதியதாயினும் இறுதியிற் கந்தையா என்றே எழுதப்படுகின்றது. சடங்கு கைவிட்டதைக் கடவுச்சீட்டு காத்துவிட்டது. பாட்டனின் முகத்தைக் காணாத அச்சிறுமி, சொல்லின் முழுப்பொருளில் அவருக்குப் பெயர்த்தியே ஆவாள்.